போட்ட பல்லேடியத்தை எப்படி எடுப்பீர்கள்?

1998ஆம் ஆண்டு, ஹைதராபாத்தில் ஒரு மருந்து நிறுவனத்தின் நேர்முகத் தேர்வு. என் மடியில் 180 பக்க ஆய்வேடு. பல்லேடியம் என்ற உலோகத்தை வினையூக்கியாகக் கொண்டு நான் செய்த 62 சுசுகி இணைப்பு வினைகள் (இரு கார்பன் துண்டுகளை ஒட்டவைப்பவை) அதில் இருந்தன. பெரும்பாலானவற்றில் விளைச்சல் எண்பது சதவீதத்துக்கு மேல். எதிரே இருந்த மூவரில் வயதில் மூத்தவர் அட்டவணையை நிதானமாகப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பல்லேடியத்தைப் போட்டீர்கள், சரி. அதை எப்படி வெளியே எடுத்தீர்கள்?”

“சிலிக்காவில் குரோமட்டோகிராஃபி செய்தேன், சார்.”

“நூறு கிலோவுக்குமா?”

விடை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். வேலை கிடைத்தது. “தெரியாததைத் தெரியாது என்று அன்று சொன்னது நீங்கள் ஒருவர்தான்” என்று ஓராண்டு கழித்து அவரே சொன்னார்.

இப்போது மேசையின் அந்தப் பக்கத்தில் நான் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்கிறேன். வருகிறவர்களில் பலர் நான் அன்று சொன்ன அதே விடையைத்தான் சொல்கிறார்கள். போன மாதம் அண்ணன் மகள் தொலைபேசியில் அழைத்தாள். “அத்தை, எம்.எஸ்சி. முடித்துவிட்டேன். உங்களைப் போல வினையூக்கி, மருந்துத் தயாரிப்பு என்று போக வேண்டுமானால் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?” அவளுக்கு அன்று சொன்னதையும், தொலைபேசியை வைத்த பிறகு நினைவுக்கு வந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வினையின் முடிவில் வினையூக்கி மாறாமல் இருக்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். மாறுகிறதோ இல்லையோ, இருக்கிறது. எங்கள் தொழிலின் தொல்லையே அந்த ‘இருக்கிறது’தான். எதைப் போடுவது என்று சொல்லித்தர ஊருக்கு நாலு பேர் உண்டு. போட்டதை எடுக்கத் தெரிந்தவருக்குத்தான் மருந்து ஆலையில் சம்பளம்.

ஆய்வகம் பார்க்கப் போனால்

தேர்வுகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எம்.எஸ்சி.க்கு ஜாம், முனைவர் பட்டத்துக்கு சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் அல்லது கேட் என்பது உங்களுக்கே தெரியும். நெட்டில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். வினையூக்கத்துக்கும் மருந்துத் தயாரிப்புக்கும் பேர் பெற்ற இடங்கள் ஹைதராபாத்தின் ஐ.ஐ.சி.டி., புனேயின் என்.சி.எல்., பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. ஆகியவை. சென்னை ஐ.ஐ.டி.யில் வினையூக்க ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது.

நிறுவனத்தின் பெயரைவிட நீங்கள் சேரப்போகும் அறைதான் முக்கியம். பேராசிரியரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். மாணவர்கள் வேலை செய்யும் மேசைக்குப் போய், குடுவைக்குள் போட்டுக் கலக்கும் காந்தக் குச்சிகளைப் பாருங்கள். வாங்கும்போது அவை பால் வெள்ளையாக இருக்கும். பல்லேடியம் புழங்கும் ஆய்வகத்தில் நாளடைவில் சாம்பல் நிறமாகி, சில ஓரங்களில் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு உலோகம். சோப்புக்கும் அசிட்டோனுக்கும் அது அசையாது. முந்தைய மாணவர் விட்டுப்போன பல்லேடியம் இன்றைய மாணவரின் வினையை நடத்திக்கொண்டிருக்கும், அவரோ தன் புதிய வினையூக்கி வேலை செய்கிறது என்று மகிழ்ந்துகொண்டிருப்பார்.

நான் மிகைப்படுத்தவில்லை. 2003இல் நிக்கோலஸ் லெட்பீட்டர் குழு, உலோக வினையூக்கி எதுவும் இல்லாமலே சுசுகி இணைப்பு நடக்கிறது என்று எழுதியது. உலகமே திரும்பிப் பார்த்தது. 2005இல் அதே குழு தன் வேலையைத் தானே மறுபடி அலசி, காரணம் என்ன என்று வெளியிட்டது. கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் ஐம்பது பங்கு பல்லேடியம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. வினையை நடத்த அது போதுமாக இருந்தது. முதல் கட்டுரையைவிட இரண்டாவதன்மேல் எனக்கு மதிப்பு அதிகம். தன் கண்டுபிடிப்பைத் தானே தோண்டிப் பார்க்க நெஞ்சுரம் வேண்டும்.

அதனால் முதல் நாளிலேயே பழகிக்கொள்ள வேண்டிய சில உண்டு. வினையூக்கி போடாத ஒரு குடுவையைப் புதிய கண்ணாடி, புதிய காந்தக் குச்சியோடு பக்கத்திலேயே ஓட்டுங்கள். அதிலும் விளைபொருள் வந்தால் கட்டுரை எழுத உட்காராதீர்கள். திண்ம வினையூக்கி என்று சொல்லிக்கொள்கிறவர்கள், வினை பாதி நடந்திருக்கும்போது சூடு ஆறாமல் வடிகட்டி, தெளிந்த நீர்மத்தை மட்டும் மேலும் சூடாக்கிப் பார்க்க வேண்டும். அதில் வினை தொடர்ந்தால், வேலை செய்வது வடிதாளில் கிடக்கும் திண்மம் அல்ல, கரைந்து நழுவிய உலோகம். காந்தக் குச்சியை இராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) ஊறவைக்கலாம். அது புகை உறிஞ்சும் கூண்டுக்குள் (ஃபியூம் ஹூட்), அசிட்டோன் வாடையே இல்லாத பாத்திரத்தில், மூடி போடாமல் நடக்க வேண்டும். இல்லையென்றால் பல்லேடியக் குச்சிகளுக்குத் தனி டப்பா வைத்துவிடுங்கள். நான் இரண்டாவதையே செய்கிறேன். திராவகத்தைவிட டப்பா மலிவு.

நோட்டுப் புத்தகத்தில் வினையூக்கியின் பெயரை எழுதினால் போதாது. புட்டியின் லாட் எண், திறந்த தேதி, ஈரம் எத்தனை சதவீதம் என்பதையும் எழுத வேண்டும். இந்த ஈரத்தில் நான் மூன்று நாள் தொலைத்தேன். பத்து சதவீதப் பல்லேடியம்-கார்பன் (கரித்தூளில் ஏற்றிய பல்லேடியம்) பெரும்பாலும் பாதிக்குப் பாதி தண்ணீரோடுதான் வருகிறது. பத்து கிராம் எடுத்தால் அதில் பல்லேடியம் ஒரு கிராம் இருக்காது, அரை கிராம்தான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், உலர்ந்த பொருளுக்கு எழுதிய கணக்கை ஈரப் பொருளுக்கு அப்படியே போட்டேன். வினை அறுபது சதவீதத்தில் நின்றுவிட்டது. கரைப்பானைச் சந்தேகித்தேன், மூலப்பொருளில் கந்தகம் இருக்குமோ என்று சந்தேகித்தேன், ஹைட்ரஜன் உருளையைக்கூட மாற்றினேன். நான்காம் நாள், கிடங்கில் இருந்த பையன் பையின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினான். ஈரம் 52 சதவீதம்.

ஹைட்ரஜனேற்றம்: வடிதாளில்தான் ஆபத்து

இந்தத் துறையில் ஒன்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டும் செய்யும் அளவுக்குப் பழக வேண்டுமென்றால், அது பல்லேடியம்-கார்பனைக் கையாள்வது. ஹைட்ரஜனைக் கொண்டு நைட்ரோ தொகுதியை அமீனாக்குவது, இரட்டைப் பிணைப்பை நிரப்புவது, பென்சைல் காப்புத் தொகுதியைக் கழற்றுவது எல்லாவற்றுக்கும் இதுதான். விபத்து நடப்பதும் இங்கேதான். அழுத்தக் கலனைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் வடிகட்டும்போது அசட்டையாக இருந்துவிடுகிறார்கள்.

போடும்போது வரிசை முக்கியம். குடுவையை நைட்ரஜனால் நிரப்பி, முதலில் வினையூக்கியைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, அதன் பிறகே மெத்தனாலை மெல்ல ஊற்றுங்கள். மெத்தனால் இருக்கும் குடுவையில் காற்று இருக்கும்போது உலர்ந்த கறுப்புப் பொடியைத் தூவினால், தீக்குச்சி தேவையில்லை, பொடியே பற்றவைக்கும். பிறகு வெற்றிடம், நைட்ரஜன், வெற்றிடம், நைட்ரஜன் என்று மூன்று முறை. அதன் பிறகே ஹைட்ரஜன். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் இருந்தாலும் எரியும். இந்த எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பெட்ரோல் ஆவி எரிவது ஒன்றரையிலிருந்து ஏழு சதவீதம் சொச்சம் வரைதான் என்று ஒப்பிட்டால் இதன் அகலம் புரியும்.

முடிந்ததும் ஹைட்ரஜனை வெளியேற்றி மறுபடி மூன்று முறை நைட்ரஜன். இனி வடிகட்டல். புனலில் செலைட்டை (வடிகட்ட உதவும் நுண்பொடி) அந்தக் கரைப்பானிலேயே நனைத்துத் திண்டு போல் பரப்புங்கள். கலவையை ஊற்றும்போது, கறுப்பு அடைக்கு மேல் எப்போதும் ஒரு விரற்கடை நீர்மம் நிற்க வேண்டும். உறிஞ்சு குழாயைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. அடை காய்ந்து வெடிப்பு விட்டது என்றால் அதற்குள் காற்று நுழைகிறது. அதன் துளைகளிலோ ஹைட்ரஜன் இன்னும் இருக்கிறது.

ஆய்வு மாணவியாக இருந்தபோது நான் போனேன். டீக்கு அல்ல, பக்கத்து மேசையில், வினையின் போக்கைக் காட்டும் ஒரு டி.எல்.சி. தகட்டைப் பார்க்க. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். திரும்பியபோது அடையின் ஓரத்தில், ஊதுவத்தி நுனி போல ஒரு சிவப்புப் புள்ளி. அது நகர்ந்தது. வடிதாளின் விளிம்பு சுருண்டு கறுத்தது. அதன் பிறகுதான் மெத்தனால் பற்றியது. பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை, புனலுக்கு மேலே காற்று நடுங்கியது மட்டும்தான் தெரிந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். மூத்த மாணவர் ஒருவர் பெரிய பீங்கான் தட்டு ஒன்றைப் புனல்மேல் கவிழ்த்து, உறிஞ்சு குழாயை மூடினார். அவ்வளவுதான், அணைந்தது. தட்டைத் தூக்கிப் பார்க்க நான் கை நீட்டியபோது, “தொடாதே, தங்கச்சி. அதற்குப் பசி அடங்கவில்லை” என்றார். கால் மணி நேரம் அப்படியே விட்டார்.

இன்று என் ஆய்வகத்தில் ஒவ்வொரு புனலுக்குப் பக்கத்திலும் ஒரு தட்டு இருக்கிறது.

கடைசியில் அடையை அந்தக் கரைப்பானால் கழுவி, பிறகு தண்ணீரால் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட வாளியில் தண்ணீருக்குள் போட்டு, பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். சிந்தியதைத் துடைத்த தாளும் அந்த வாளிக்குத்தான், குப்பைக் கூடைக்கு அல்ல. கூடைக்குப் போனால் இரவில் அது காய்ந்து, ஆள் இல்லாத நேரத்தில் புகையும். வாளி நிறைந்ததும் உலோகத்தை மீட்டுத் தருபவர்களுக்குப் போகும். 2022 மார்ச்சில் பல்லேடியம் அவுன்சுக்கு 3,000 டாலரைத் தாண்டியது. அதுவரை வாளியை ஏறிட்டும் பார்க்காத கணக்குப் பிரிவினர் அந்த மாதம் நேரில் வந்து எடை போட்டார்கள்.

நீங்கள் இல்லாத இரவுக்கு எழுதுவது

நான் வேலைக்குச் சேர்ந்தபோது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு நடப்பில் இருந்தது. காலை ஆறுக்கு முன்பும் இரவு ஏழுக்குப் பிறகும் பெண்கள் ஆலையில் வேலை செய்யக் கூடாது. (சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் அந்தத் தடை செல்லாது என்றது. நான் இருந்ததோ ஹைதராபாத்.) பெரிய ரியாக்டரில் பேட்ச் எப்போது வடிகட்டலுக்கு வரும்? நள்ளிரவு இரண்டு மணிக்கு. நான் உருவாக்கிய முறை, நான் பார்க்காமல் நடக்கும். காலையில் வந்து பதிவேட்டைப் படித்துத்தான் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்வேன். முதல் ஆறு மாதம் எனக்கு அழுகையாக வந்தது. உடன் சேர்ந்த ஆண்கள் இரவு ஆலையில் நின்று கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோபத்தில் ஒரு திறமை வளர்ந்தது. நான் இல்லாதபோது இன்னொருவர் பிழையில்லாமல் செய்யும்படி எழுதுவது. என் முதல் வழிமுறைத் தாளை எடுத்துக்கொண்டு இரவுப் பணி ஆப்பரேட்டர் ஒருவர், தெலுங்கர், ஐம்பது வயதிருக்கும், காலையில் எனக்காகக் காத்திருந்தார். “மேடம், ‘நன்றாகக் கலக்கவும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை சுற்று?” என்றார். நான் விழித்தேன். “‘வினை முடியும் வரை’ என்றால்? எனக்கு அது எப்படித் தெரியும், மேடம்?”

“மன்னியுங்கள், அண்ணா. திருத்தித் தருகிறேன்” என்று வாங்கிக்கொண்டேன். (‘அண்ணா’ தெலுங்கிலும் அண்ணாதான். ஹைதராபாத்தில் எனக்கு மிகவும் உதவிய சொல் அது.) திருத்திய தாளில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று, எந்த வெப்பநிலையில் எத்தனை நிமிடம், அழுத்தமானி முள் அரை மணி நேரம் அசையாமல் நின்றால் மாதிரி எடுக்கவும், மாதிரியில் மூலப்பொருள் இவ்வளவுக்கு மேல் இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம், அதற்குப் பிறகும் இருந்தால் எதையும் சேர்க்காமல் நைட்ரஜனில் நிறுத்திவிட்டு எனக்குத் தொலைபேசி என்றெல்லாம் எழுதினேன். இரண்டு பக்கம் ஏழு பக்கமானது. அவர் படித்துவிட்டு, “இப்போது தூங்கப் போங்கள், மேடம்” என்றார்.

உங்கள் ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஆய்வகத்தில் வேறு பிரிவு படிக்கும் நண்பரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் அவரை ஒரு வினை செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கெல்லாம் உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ அங்கெல்லாம் உங்கள் எழுத்தில் ஓட்டை.

அளவு பெருகும்போது

ஹைட்ரஜனேற்றத்தில் வாயு, நீர்மம், திண்மம் மூன்றும் சந்திக்க வேண்டும். கண்ணாடிக் குடுவையில் காந்தம் சுழன்றாலே சந்தித்துவிடும். ஆயிரம் லிட்டரில் சந்திக்காது. ஆய்வகத்திலேயே இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கலக்கும் வேகத்தை இரட்டிப்பாக்கிப் பார்ப்பது. வினையும் வேகமானால் உங்களைத் தடுப்பது வேதியியல் அல்ல, ஹைட்ரஜன் கரையும் வேகம். வேகம் மாறாவிட்டால் வினையூக்கியின் அளவை மாற்றிப் பாருங்கள். இந்த இரண்டு எண்ணையும் கொண்டுபோனால் ஆலைப் பொறியாளர் உங்களை உட்காரவைத்துப் பேசுவார்.

அடுத்து வெப்பம். ஒரு மோல் நைட்ரோவை அமீனாக்கும்போது சுமார் 550 கிலோஜூல் வெளியேறும். ஐந்து கிராமில் கையில் இளஞ்சூடு தெரியும், அவ்வளவுதான். குளோரோநைட்ரோபென்சீன் 100 கிலோ எடுத்தால் கிட்டத்தட்ட 635 மோல், 350 மெகாஜூல். ஒரு டன் தண்ணீரின் வெப்பநிலையை எண்பது டிகிரிக்கு மேல் உயர்த்தும் வெப்பம் அது. குளிர்நீர் எவ்வளவு வேகமாக இதை எடுத்துச் செல்லும் என்று கேட்டு, அந்த வேகத்துக்கே ஹைட்ரஜனை விட வேண்டும். நைட்ரோ அமீனாகும் வழியில் உருவாகும் ஹைட்ராக்சிலமீன் இடையில் தேங்கினால் இன்னும் மோசம். அது நிலையற்றது, சூடானால் சிதைந்து மேலும் சூடாக்கும். மூலப்பொருள் தீர்ந்துவிட்டது என்பதால் வினை முடிந்துவிட்டதாக எண்ணாதீர்கள். ஹைட்ராக்சிலமீனும் தீர்ந்ததா என்று எச்.பி.எல்.சி. பகுப்பாய்வில் பாருங்கள்.

இதே பொருளில் இன்னொரு பொறி இருக்கிறது. பல்லேடியம் நைட்ரோவை மட்டும் கவனிப்பதில்லை, குளோரினையும் பறிக்கும். அப்படிக் குளோரின் இழந்த அமீன், வேண்டிய அமீனோடு ஒட்டிப் படிகமாகிவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. கந்தகம் ஏற்றிய பிளாட்டினம்-கார்பனுக்கு மாறினால் பறிப்பு வெகுவாகக் குறையும். வினையூக்கிக்கு ‘நஞ்சு’ என்று நாம் பயப்படும் கந்தகத்தை இங்கே வேண்டுமென்றே ஊட்டுகிறார்கள். அளவோடு முடங்கிய வினையூக்கிதான் சொன்னதை மட்டும் செய்கிறது.

எடுக்கும் கணக்கு

இப்போது அந்த நேர்முகக் கேள்வி. முதலில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். ஐ.சி.எச். (மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் அமைப்பு) வகுத்த கியூ3டி வழிகாட்டியின்படி, வாய்வழி மருந்தில் ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் போகக்கூடிய பல்லேடியம் 100 மைக்ரோகிராம், ஊசி மருந்தில் 10. தினம் ஒரு கிராம் உட்கொள்ளும் மாத்திரை என்றால் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை இடமுண்டு. தினம் பத்து கிராம் வரை போகலாம் என்று வைத்துக்கொண்டால் 10 பி.பி.எம். மருந்தின் அளவு முடிவாகாத காலத்தில் பத்தையே இலக்காக வைத்துக்கொள்வது நல்லது.

மூலக்கூறு எடை 400 உள்ள பொருள் ஒரு கிலோ செய்கிறீர்கள், அதாவது 2.5 மோல். ஒரு மோல் சதவீதப் பல்லேடியம் என்றால் 0.025 மோல். அணு எடை 106.4, ஆக 2.66 கிராம். ஒன்றும் எடுக்காமல் விட்டால் பொருளில் 2,660 பி.பி.எம். பத்துக்கு இறக்க வேண்டும். 266 பங்கில் 265 பங்கு வெளியே வர வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் “ஐந்து மோல் சதவீதம்” என்று அலட்சியமாக எழுதுகிறோமே, அதை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். அதனால் எடுக்கும் வேலையின் முதல் படி குறைவாகப் போடுவது.

இரண்டாவது, எந்தப் படியில் போடுவது என்று யோசிப்பது. இணைப்பு வினையைத் தயாரிப்பின் தொடக்கத்தில் வைத்தால், பின்னால் வரும் ஒவ்வொரு படிகமாக்கலும் கொஞ்சம் பல்லேடியத்தைக் கழித்துவிடும். கடைசிப் படியில் வைத்தால் உங்களைக் காப்பாற்ற ஒருவரும் இல்லை. (விதிவிலக்கும் உண்டு. 1992இல் டெக்சாஸின் பிஷப் நகரில் தொடங்கிய ஐபுப்ரோஃபென் ஆலையில் பல்லேடியம்தான் கடைசிப் படி. பூட்ஸ் நிறுவனத்தின் ஆறு படிகளை மூன்றாகக் குறைத்த முறை என்பதால் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.)

மூன்றாவதுதான் உறிஞ்சிகள். சிறு புட்டிகள் ஆறு எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே கரைசல் ஐந்து மில்லி. ஒன்றில் எதுவும் போடாமல் கலக்கி வடிகட்ட மட்டும் செய்யுங்கள், வெறும் வடிகட்டலே எவ்வளவு எடுக்கிறது என்று தெரிய. மற்றவற்றில் செயலூட்டிய கரி இரண்டு வகை, தயோல் ஏற்றிய சிலிக்கா, ட்ரைமெர்காப்டோட்ரையசின், என்-அசிட்டைல்சிஸ்டீன் கரைந்த நீரால் கழுவுதல் என்று வைத்து, 50 டிகிரியில் நான்கு மணி நேரம் ஒருமுறை, இரவு முழுவதும் ஒருமுறை. பிறகு, நுண்ணிய அளவு உலோகத்தையும் அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். அளவீட்டுக்கு அனுப்புங்கள். பல்லேடியத்தை மட்டும் அளக்காதீர்கள், விளைபொருள் எவ்வளவு மிஞ்சியது என்றும் அளங்கள். கரி பல்லேடியத்தை எடுக்கும், கூடவே மருந்தையும் விழுங்கும். கரைப்பானை மாற்றினாலோ லிகண்டை (உலோகத்தைப் பிடித்திருக்கும் மூலக்கூறு) மாற்றினாலோ போன வாரம் ஜெயித்த உறிஞ்சி இந்த வாரம் தோற்கும். பைரிடின், இமிடசோல் போன்ற வளையங்கள் உங்கள் மூலக்கூறில் இருந்தால் அவை பல்லேடியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும், கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

நிறத்தை நம்பாதீர்கள். பனி போல வெள்ளையாகப் படிகம் வந்து, அறை முழுவதும் காட்டிவிட்டு வந்த ஒரு பேட்சில் எனக்கு 180 பி.பி.எம். இருந்தது. நான் சேர்ந்த காலத்தில், மாதிரியை எரித்துச் சாம்பலாக்கி, சல்பைடு சேர்த்து, வரும் நிறத்தை ஈயக் கரைசலின் நிறத்தோடு கண்ணால் ஒப்பிடுவதுதான் கன உலோகச் சோதனை. அமெரிக்க மருந்து நூல் அதை 2018இல் ஒரேயடியாகக் கைவிட்டது. அதற்கு முன் எத்தனை பேட்சுகளை அந்த மங்கல் பழுப்பைப் பார்த்துத் தேறவைத்தேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

நான்காவது வழியும் உண்டு, உலோகத்தையே விட்டுவிடுவது. நீரிழிவு மருந்தான சிட்டாக்ளிப்டினுக்கு மெர்க் நிறுவனம் முதலில் ரோடியத்தைக் கொண்டு, உயர் அழுத்தத்தில் கைச்சார்பு ஹைட்ரஜனேற்றம் (இடக்கை, வலக்கை போன்ற இரு வடிவங்களில் ஒன்றையே பெரும்பாலும் தருவது) செய்தது. வேதியியலாளர்கள் கொண்டாடிய முறை அது. பிறகு கோடெக்சிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு டிரான்சமினேஸ் நொதியைப் படிப்படியாக மாற்றியமைத்து, 2010இல் ரோடியத்தையே நீக்கிவிட்டார்கள். விளைச்சல் 10 முதல் 13 சதவீதம் கூடியது, கழிவு 19 சதவீதம் குறைந்தது, எடுக்க வேண்டிய உலோகம் பூஜ்யம். அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு நாற்பது வயது. லிகண்ட் லிகண்டாகச் சேர்த்துவைத்த என் அறிவெல்லாம் ஒரே நாளில் பழசானது போல் எரிச்சலாக இருந்தது. ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்துவிட்டு, நொதி தெரிந்த ஓர் இளம் பெண்ணிடம் போய் பி.எச். தாங்கல் கரைசல் போடுவதிலிருந்து கற்றுக்கொண்டேன். அவளுக்கு இருபத்தாறு வயது. என் கையெழுத்து புரியவில்லை என்று திட்டுவாள்.

நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. விளைச்சல் அட்டவணையைத் திறப்பதற்கு முன், தோற்ற வினை ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். எதைச் சந்தேகித்தீர்கள், எதை முதலில் விலக்கினீர்கள், எந்த எண்ணைப் பார்த்து மனம் மாறினீர்கள் என்று. எதிரே இருப்பவர் சாய்வு நாற்காலியிலிருந்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் சரியான பாதையில் போகிறீர்கள்.

நேற்று அண்ணன் மகள் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தாள். ஏதோ ஓர் ஆய்வகத்தின் மேசை, ஒரு தட்டில் பத்துப் பதினைந்து காந்தக் குச்சிகள், பாதி கறுப்பு. “அத்தை, சேரலாமா?”

“தனி டப்பா இருக்கிறதா என்று கேள்” என்று எழுதினேன்.

அரை மணி கழித்துப் பதில் வந்தது. “கேட்டேன். ‘எதற்கு?’ என்று கேட்டார்கள். சொன்னேன். ஒரு சீனியர் அக்கா உடனே ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கழுவி எடுத்துவந்து, அதன்மேல் ‘பல்லேடியம்’ என்று எழுதிவிட்டார்.”

சேரச் சொல்லிவிட்டேன்.